மண்மூட்டையும் நெல்மூடையும்

முதலாளி, நீங்கள் பொய் சொன்னீர்கள். சென்ற வருடம் மைதானத்தில், ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, சமாதானம் வந்துதான் உங்கள் தையல் கொட்டிலில் இருந்த பெண்களின் வேலை போனது என்று சொன்னீர்கள். அந்தப் பெண்களில் நான் ஒருத்தி. என்னிடம் நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்லியிருப்பேன். கேட்காததால் இதை எழுத வேண்டியதாயிற்று.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருடம் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன்பின் ஒன்றாக அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. கல்முனைப் பக்கம் சில தேத்தண்ணிக் கடைகளில் இனிப்புக்கூடக் கொடுத்தார்கள். யாருடைய குண்டுக்கு யார் இனிப்புக் கொடுத்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. வாங்கித் தின்றவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் ஊர் இளைஞர்கள் கொஞ்சப் பேர் அணுகுண்டுக்கு எதிராக மைதானத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒரு ஆசிரியர் எழுந்து, குண்டுக்குக் கொட்டுகிற காசை நெசவுக்கும் வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போட்டால் அதைவிடக் கூடுதலான பேருக்கு வேலை கிடைக்கும் என்று நிதானமாகப் பேசினார். அவர் உட்கார்ந்ததும் முதலாளி எழுந்தார்.

"குண்டு வேணாம் எண்டு சொல்றது லேசு சேர்," என்றார். "அதச் செய்யிற இடத்தில எத்தினை பேர் வேலை செய்றாங்க? சமைக்கிறவன், வாகனம் ஓட்டுறவன், கேட்டில நிக்கிறவன், எல்லாரும் நாளைக்கு றோட்டுல. அவங்கட புள்ளைகளுக்கு நீங்க சோறு போடுவீங்களா? எங்கட ஊரிலயே நான் கண்டவன். சண்டை நேரம் என்ட கொட்டில்ல வேலை நடந்திச்சு. சமாதானம் எண்டாங்க, வேலை நிண்டிச்சு. அந்தப் பொம்புளைகள் அழுதுக்கிட்டுப் போனத நான் என்ட கண்ணால பாத்தன்."

ஆட்கள் கை தட்டினார்கள். நான் பெண்கள் பக்கத்தில், துணித்திரைக்குப் பின்னால் இருந்து கை தூக்கினேன். திரைக்குள் தூக்கிய கை யாருக்குத் தெரியும்? பக்கத்தில் இருந்தவள்தான் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள், விசிறியை எடுத்துக் கொடுங்கள் என்று நான் கேட்பதாக நினைத்துக்கொண்டு.

நான் திட்டத்தான் போகிறேன். அதற்கு முன்னால் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், பிறகு கோபத்தில் மறந்துபோகும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு எங்கள் கரையில் எல்லா வீடும் ஆடிப்போயிருந்தது. என் கணவர் கடலுக்குப் போகிறவர். இரவில் தோணி இறக்கக் கூடாது என்று தடை. பகலில் போனாலும் கரை தெரிகிற தூரத்துக்கு அப்பால் போகக் கூடாது. கரை தெரிகிற தூரத்தில் என்ன மீன் நிற்கும்? அந்த நேரம் முதலாளி தன் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, கனத்த தையல் மெசின்களை இறக்கி, எங்களைப் போல பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். என் அடுப்பு அதனால் எரிந்தது. அதை மறுத்தால் அல்லாஹ்வுக்குப் பொறுக்காது. என் வீடு அந்தக் கொட்டிலுக்கு அடுத்த வளவு என்பதால் முதலில் கூப்பிட்டதும் என்னைத்தான்.

வேலை என்னவென்றால், இராணுவ முகாம்களுக்கு மண்மூட்டைப் பை தைப்பது. காவலரணைச் சுற்றி அடுக்குவார்களே, அந்தப் பை. சணல் துணி உருளை உருளையாக வரும். வெட்டி, மடித்து, இரண்டு பக்கமும் அடித்து, வாய்க்குக் கயிறு வைத்துக் கட்டுக் கட்டாக ஏற்றுவோம். இதில் ஒரு பெரிய விசயம் இருந்தது. பையின் அடி மூலை இரண்டையும் உள்ளுக்குத் தள்ளி மடக்கித் தைக்க வேண்டும். அப்போதுதான் மண் நிரப்பிய பிறகு செங்கல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படியும். மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடுக்குச் சரியும். பார்த்து எடுக்க வருகிற அதிகாரி ஒவ்வொரு பையின் அடியையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் தூக்கி எறிவார்.

என் கணவரின் தங்கையும் அங்கே தைத்தாள். நான் அவளை மச்சி என்பேன், அவள் என்னை மதினி என்பாள். அவளுடைய வாய்க்கு ஊரே பயம்.

"அந்த மனிசனுக்கு மூலையைக் கண்டாலே ஆகுது இல்ல மதினி," என்பாள். "அவர்ர மூஞ்சியப் பாருங்க, தோசை மாதிரி. அதிலயும் ஒரு மூலை இல்ல."

"மெல்லக் கதை மச்சி. அவருக்குக் கேக்கப் போகுது."

"கேட்டா என்ன? தமிழ் தெரியாது. தெரிஞ்சாலும் தோசை எண்டா கோவிக்கிறதா?"

இப்படித்தான் சில வருடம் போனது. மூலையை மடக்கி மடக்கி, பிறகு யாரும் சொல்லத் தேவையில்லாமல் கை தானாக மடக்கியது. வீட்டில் தலையணை உறை தைத்தாலும் மடக்கினோம்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் இடையில் சண்டை நிறுத்தம் என்றார்கள். நாங்கள் ரேடியோவில் கேட்டுச் சந்தோசப்பட்டோம். சில நாள் கழித்துக் காலையில் முதலாளி கொட்டிலுக்கு வந்தார். மெசின் எதையும் ஓட்ட விடவில்லை.

"ஓடர் நிண்டு போச்சு," என்றார். "இனி அரண் கட்டுறதெல்லாம் இல்லையாம். நீங்க எல்லாரும் வீட்ட போங்க."

"முதலாளி, சமாதானம் வந்தா சோறு திண்ணக் கூடாதெண்டு சட்டமா?" என்று மச்சி கேட்டாள்.

"அதச் சமாதானத்திட்டப் போய்க் கேளு. என்னட்டக் கேக்காத."

அழுதார்கள், உண்மைதான். நானும் அழுதேன். எங்களில் ஒருத்திக்குப் புருசன் இல்லை, மூன்று பிள்ளை. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சண்டை இன்னும் கொஞ்சக் காலம் இழுத்திருந்தாத்தான் என்ன?" என்றாள். யாரும் அவளை ஏசவில்லை. முதலாளி மைதானத்தில் சொன்ன கதையில் உண்மை என்று ஒன்று இருந்தால் அது இந்த ஒரு காலைதான். வேலை நிற்கிற அன்று வயிறு சமாதானத்தைப் பார்ப்பதில்லை. அதற்காக அவளைக் குறை சொல்கிறவன் ஒரு நாளாவது அவளுடைய வீட்டில் உலை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் கதை அந்தக் காலையோடு முடியவில்லை. முதலாளி அங்கேயே முடித்துவிட்டார்.

கொட்டிலைப் பூட்டிவிட்டு அவர் போன பிறகு ஒரு கிழமையோ என்னவோ போயிருக்கும். நோன்பு தொடங்கியிருந்தது. நான் வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு மனிதர் நின்றார். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவின் போடியார் ஒருவர். சொந்தமாக வயல் வைத்து ஆள் பிடித்து வேளாண்மை செய்கிறவர்களைத்தான் இங்கே போடியார் என்போம். கழுத்தில் துவாய், நெற்றியில் திருநீறு, வாயில் வெற்றிலை. தொண்ணூறில் தமிழர்களுக்கும் முஸ்லிம்களான எங்கள் ஆட்களுக்கும் இடையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு காரைதீவிலிருந்து ஒருவர் இப்படித் தனியே எங்கள் வேலிக்கு வந்து நின்று நான் கண்டதில்லை. எனக்கும் கொஞ்சம் பயம், அவருக்கும் பயம். அது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"புள்ள, இஞ்ச சாக்குக் கெடக்காம் எண்டு சொன்னாங்க. உண்மையா?"

"சாக்கில்ல போடியார். மண்மூட்டைப் பை. முகாமுக்குத் தைச்சது, எடுக்காமக் கெடக்கு."

"ஒண்டு காட்டுவியா?"

அதிகாரி கழித்ததில் என் வீட்டில் அரிசிக்கு வைத்திருந்த பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். முழங்கைக்குக் கொஞ்சம் மேலேதான் போனது.

"இதுக்குள்ள நெல்லப் போட்டா என்ட கோழிக்குத்தான் காணும்," என்றார். சிரிக்கவில்லை. அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவரே சொன்னார். மாவடிப்பள்ளிக்கு அப்பால் மேற்கே அவருக்கு வயல். சில வருடமாக அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. பேச்சுவார்த்தை என்ற கதை வந்தவுடன் கொஞ்சப் பேர் துணிந்து பெரும்போகம் விதைத்தார்கள், தமிழர்களும் எங்கள் ஆட்களும். நல்ல விளைச்சல். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நெல் வெட்டு. அத்தனை நெல் வரும் என்று எந்தக் கடைக்காரனும் எதிர்பார்க்கவில்லை. கல்முனையிலும் சாக்கு இல்லை, அக்கரைப்பற்றிலும் இல்லை. சூடடித்த நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

"இந்தப் போகத்த விட்டா எனக்கு மறுகா விதைக்க ஏலாது புள்ள. முழுக்கக் கடன்," என்றார்.

"துணி கெடக்கு போடியார்," என்றேன். "மெசினும் கெடக்கு. தைக்கிற ஆக்களும் சும்மாதான் இரிக்கம். சாவிதான் முதலாளியிட்ட."

மச்சியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் முதலாளி வீட்டு முன்கட்டில் போய் நின்றோம். முதலாளி போடியாரை மேலும் கீழும் பார்த்தார்.

"இவளுகளுக்கு மண்மூட்டை தவிர வேற என்ன தைக்கத் தெரியும்?" என்றார்.

"பெரிசாத் தைச்சா நெல்மூடை," என்றாள் மச்சி. "உங்கட சட்டை பெரிசாத்தானே தைக்கிறாங்க? சின்னப் புள்ளையட சட்டையத் தைச்ச ஆளேதான் அதையும் தைக்குது."

முதலாளிக்கு வயிறு கொஞ்சம் பெரிது. போடியார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திக் கூரையைப் பார்த்தார்.

"முதலாளி, உங்கட துணியும் போகும், என்ட நெல்லும் நனையாது," என்றார் மெல்ல. "இதில யோசிக்க என்ன இரிக்கு?"

முதலாளி உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்தார். "சும்மா துருப்பிடிக்கிறதவிட ஓடட்டும். வாடகை தரணும்," என்று அதை என் கையில் போட்டார். அன்றைக்கு அந்தச் சாவியைக் கொடுத்தவர் நீங்கள்தான், முதலாளி. அதற்கும் நன்றி. மைதானத்தில் அதையும் சொல்லியிருக்கலாம். உங்களுக்குத்தானே பெருமை.

எல்லோருக்கும் ஆள் அனுப்பினோம். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள். போடியார் ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து நீளமும் அகலமும் காட்டிவிட்டுப் போனார். நாங்கள் வெட்டினோம், அடித்தோம். நோன்பு பிடித்துக்கொண்டு சணல் துணியோடு வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தத் தும்பு தொண்டையில் போய் இருந்தால் எப்படியிருக்கும் என்று. தண்ணீரும் குடிக்க முடியாது. முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு தைத்தோம். போடியார் பார்க்க வருகிறபோதெல்லாம் வெற்றிலையோடு வருவார்.

"போடியார், நாங்க நோன்பு," என்றாள் மச்சி ஒருநாள். "நீங்க சப்புறதப் பாத்து எங்களுக்கு வாயூறுது. உமிழ்நீரெல்லாம் உங்கட கணக்கில எழுதவா?"

அவர் வெட்கப்பட்டு வேலிக்கு அப்பால் போய்த் துப்பிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வெற்றிலையோடு கொட்டில் வாசலை மிதிக்கவில்லை. பின்னேரம் நோன்பு திறக்கிறதற்கு அவருடைய வளவு இளநீர் சைக்கிளில் வந்து இறங்கும். தான் நிற்க மாட்டார், இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

முதல் தடவை தைத்ததை முதலாளியின் லொறிதான் ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் பெரிய வேலை முடித்துவிட்டோம் என்று இருந்தோம். மறுநாள் காலையில் உழவு மெசின் ஒன்று பெட்டியை இழுத்துக்கொண்டு கொட்டில் முன்னால் வந்து நின்றது. பெட்டியில் போடியார், மூட்டை சுமக்கிற இரண்டு பேர், நெல் நிரப்பிக் கட்டிய எங்களுடைய மூடை ஒன்று, நிரப்பாத மீதி எல்லாம் கட்டுக் கட்டாக. அந்த இரண்டு பேரும் மாவடிப்பள்ளி ஆட்கள், எங்கள் ஆட்கள்தான். மூடையை உருட்டி மண்ணில் விட்டார்கள்.

"தூக்குங்க பாப்பம்," என்றார் போடியார்.

"நாங்களா?"

"ஓம். தைச்ச நீங்கதானே. ரெண்டு பேர் புடிங்க."

மச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேல் வாயைப் பிடிக்க முடிந்தது. அடியில் பிடிக்க ஒன்றும் இல்லை. வழவழவென்று உருண்டையாக இருந்தது. கைகொடுத்து நெம்பினால் உருண்டு என் கால்மேலேயே வந்தது.

"அல்லாஹ்வே," என்றாள் மச்சி. "பெருநாளைக்கு அறுக்கிற மாட்டக்கூட இதவிட லேசாப் புடிக்கலாம்."

"மாட்டுக்குக் காது இரிக்கு," என்றார் சுமக்கிறவர்களில் ஒருவர். "இதுக்கு எங்க காது? காதில்லாத மூடைய எங்கால புடிச்சுத் தோளுக்கு எடுக்கிற? நேத்து இவன்ட முதுகு போயிரிக்கும்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நெல்மூடையின் அடி மூலை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைத்தான் காது என்கிறார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி மூன்றாவது ஆளின் தோளில் வைப்பார்கள். நாங்கள் ஒரு மூடை விடாமல் எல்லாவற்றுக்கும் மூலையை உள்ளுக்கு மடக்கித் தைத்திருந்தோம். போடியார் மாதிரிக்குக் கொடுத்த பழைய சாக்கு எங்கள் கண் முன்னால் தொங்கியது. அதில் இரண்டு காதும் நீட்டிக்கொண்டுதான் இருந்தன. நீளம் பார்த்தோம், அகலம் பார்த்தோம், காதைப் பார்க்கவில்லை. கண் பார்த்திருந்தாலும் கை விட்டிருக்காது.

இனி இந்த மனிதர் போய்விடுவார், முதலாளி வந்து சாவியை வாங்கிக்கொள்வார், நாங்கள் திரும்பவும் வீட்டில் இருப்போம் என்றுதான் நினைத்தேன். மூன்று பிள்ளைக்காரி மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போடியார் குந்தி இருந்து மூடையின் அடியைத் தடவினார்.

"நல்ல தையல்," என்றார். "ஒரு இழை விலகல்ல. இத்தினை வருசமா ஒரே ஆளுக்குத் தைச்ச கை, வேற என்ன செய்யும்? பிரிச்சு மூலைய இழுத்து விடுங்க புள்ளைகள். நான் நிண்டு வாங்கிக்கிட்டுப் போறன்."

அவர் திட்டியிருக்கலாம். திட்ட அவருக்கு நியாயம் இருந்தது. மழை மேலே நின்றது, நெல் கீழே கிடந்தது. அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் துஆச் செய்கிறேன். அவர் என்ன சாமியைக் கும்பிடுகிறார் என்பது என்னுடைய வேலை இல்லை.

மீதி மூடைகளைப் பிரித்தோம். பிரிக்கிறது தைக்கிறதைவிடப் பெரிய வேலை. மூலையை இழுத்து வெளியே விட்டு, குறுக்கே இரட்டைத் தையல் போட்டு, சுமக்கிறவர்களிடம் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னோம். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். பிரியவில்லை. மழைக்கு முன்னால் அவருடைய நெல் ஏறிவிட்டது.

பிறகு நடந்ததைத்தான் முதலாளி மைதானத்தில் மறைத்தார். அந்தப் போடியார் சொல்லி இன்னொரு போடியார் வந்தார். எங்கள் ஊர்ப் போடியார்மார் வந்தார்கள். அக்கரைப்பற்றுக் கடைக்காரர் ஒருவர் தானே துணி உருளை கொண்டுவந்து இறக்கினார். பகல் போதவில்லை. மெசின் சூடாகி எண்ணெய் மணக்கும், ஒருத்தி எழும்பினால் அடுத்தவள் இருப்பாள். ஆள் போதாமல் மூன்று பிள்ளைக்காரி தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மண்மூட்டைக் காலத்தில் வேலை கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன். ஆள் இல்லையா, ஆள் இல்லையா என்று நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டது அந்த மாதங்களில்தான். ஏற்றி இறக்கியது உங்கள் லொறி, முதலாளி. உங்கள் சாரதி நோன்பு திறக்க நேரமில்லாமல் வழியில் நிறுத்திப் பேரீச்சம்பழம் தின்றானே, அது உங்களுக்கு ஞாபகம் இல்லையா?

எங்கள் கொட்டில் மட்டும் இல்லை. என் கணவர் இரவுக் கடலுக்குப் போனார். விடியற்காலையில் தோணி வரும்போது கரையில் ஐஸ் பெட்டியோடு ஆட்கள் நிற்பார்கள். பெரியநீலாவணைத் தமிழர்களின் தோணிகளும் எங்கள் தோணிகளும் ஒரே தண்ணீரில் நின்று, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பகிடி விட்டதாக வந்து சொல்வார். வலை முடிகிறவனுக்கு வேலை, ஐஸ் உடைக்கிறவனுக்கு வேலை, வெட்டுக்காரனுக்கு வேலை, சூடடிக்கிறவனுக்கு வேலை. பூட்டிக் கிடந்த அரிசி ஆலை புகை விட்டது. அந்தப் பெருநாளைக்கு என் பிள்ளைகளுக்கு எடுத்த உடுப்பின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். வாழ்க்கையில் சில மாதங்களாவது அப்படி வாழக் கிடைத்தது. எத்தனையோ பேருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

சித்திரையில் திரும்பவும் சண்டை. உடனேயே முதலாளி வந்து நின்றார். "ஓடர் வந்திட்டு. இனி நெல்லு வேலை வேணாம், மெசின் முழுக்க எனக்கு வேணும்," என்றார். முகம் மலர்ந்திருந்தது.

அதற்கு நாங்கள் மறுக்கவில்லை, மறுக்க எங்களிடம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. மேற்கே வயலுக்குப் போகிற வழி மூடிவிட்டது. போடியார் சைக்கிளில் வந்து, ஏறாமல் இறங்காமல் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். "சிறுபோகத்துக்கு விதைநெல் கட்டி வைச்சிட்டன் புள்ள. போக விடுறாங்க இல்ல," என்றார். என் கணவரின் தோணியும் இரவில் கரையில் ஏறிக் கிடந்தது. ஐஸ் பெட்டிக்காரர்கள் போய்விட்டார்கள். அரிசி ஆலை நின்றது. ஒரே ஒரு கொட்டிலில் மட்டும் மெசின் ஓடியது, எங்களுடையதில். புதிதாக வந்த பெண்களை முதலாளி நிறுத்திவிட்டார். அந்த மெசின் சத்தத்தைத்தான் அவர் வேலை என்கிறார். ஊர் முழுக்க நின்றுபோன சத்தங்களை அவர் எண்ணவில்லை.

இனி அவருடைய பொய்யின் அடி மூலைக்கு வருகிறேன். அந்த மண்மூட்டை வேலையாவது நிலைத்ததா? சண்டை குறைந்தா எங்கள் வேலை போனது? இல்லை. சண்டை முன்னையைவிடப் பெரிதாக நடந்த காலத்தில்தான் போனது. தூரத்தில் ஒரு தொழிற்சாலை பிளாஸ்டிக் பைகளைப் பெரிய மெசினால் அடிக்கத் தொடங்கியது. ஒருநாள் முதலாளி அதில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"பாருங்க. கை படாம வருதாம். ஒரு மெசினுக்கு ஒரு ஆள் நிண்டாக் காணுமாம். இனி உங்கட தையல் யாருக்கு?"

மச்சி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடி மூலை அழகாக உள்ளே மடிந்திருந்தது.

"அப்ப சண்டைக்கும் எங்கள வேணாமாம் மதினி," என்றாள்.

அன்றைக்குக் கொட்டில் பூட்டப்பட்டது. அப்போது எங்கே இருந்தது சமாதானம்? கடலில் குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆயுதச் செலவு கூடக் கூட எங்கள் வேலையும் கூடியிருக்க வேண்டும், உங்கள் கணக்குப்படி. கூடியது காசு. அதற்கு ஆள் தேவைப்படவில்லை.

அணுகுண்டு எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மண்மூட்டைக்கே எங்கள் கை வேண்டாம் என்று போனவர்கள், அதற்கு எத்தனை பேருடைய கையைக் கேட்பார்கள் என்று மட்டும் யோசிக்கிறேன். அங்கேயும் சமைக்கிறவர்களும் சாரதிகளும் இருப்பார்கள்தான். ஒருநாள் அந்தக் குண்டு வேண்டாம் என்று கைவிட்டால் அவர்களும் எங்களைப் போல ஒரு காலையில் அழுவார்கள். அந்தக் கண்ணீரைக் காட்டி, ஆகையால் குண்டு இருக்கட்டும் என்று சொல்கிறவனை நம்பக் கூடாது. எங்களுக்கு வேலையைத் திருப்பித் தந்தது ஒரு துணி உருளை, ஒரு சாவி, பிழையைப் பொறுத்த ஒரு மனிதர். கொஞ்ச நாளும் ஆனது, கொஞ்சம் பிரித்துத் தைக்கவும் வேண்டியிருந்தது. ஒரு சைக்கிள்காரரால் முடிந்ததை ஒரு அரசாங்கத்தால் முடியாது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

போடியார் இன்னும் இருக்கிறார். மேற்கே தூரத்து வயல் போனாலும் பக்கத்தில் ஒரு துண்டு வயல்வட்டையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஆள் அனுப்பி, "புள்ளைகள் தைப்பாங்களா?" என்று கேட்கிறார். இந்தத் தடவையும் கேட்டார். நான் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டேன். மச்சியும் வந்தாள். மெசின்கள் உள்ளே துருப்பிடிக்கின்றன, சாளரத்தின் வழியாகவே தெரிகிறது.

"ஓடர் வரட்டும் பாப்பம்," என்றீர்கள்.

"ஓடர்தானே வந்திரிக்கு," என்றேன். "நெல்லுக்கு."

"அதெல்லாம் ஒரு ஓடரா? பெரிய இடத்தில கதைச்சுக்கிட்டு இரிக்கன்," என்று கதவைச் சாத்தினீர்கள்.

நீங்கள் எந்த முகாம் ஓடருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நீங்களே சொல்ல வேண்டும். என் கணவரைத் தேத்தண்ணிக் கடையில் ஓரமாகக் கூப்பிட்டு உங்கள் பெண்சாதியை அடக்கி வையுங்கள் என்று சொல்ல வேண்டாம். அவர் வந்து என்னிடம் அப்படியே சொல்லிச் சிரிப்பார். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைவதற்கு முன்னால், பள்ளிவாசல் வாசலில், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: உங்கள் கொட்டிலில் ஆள் போதாமல் போனது சண்டையிலா, சண்டை நின்ற மாதங்களிலா? கடைசியில் எங்களை வெளியே அனுப்பியது யார்? நெல் வெட்டுக்கு நிற்கிறபோது அந்தச் சாவி ஏன் இன்னும் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது? சொல்லுங்கள், முதலாளி.